எட்டு இஞ்சுக் குழாய்

"அந்தக் குழாய மட்டும் கேக்காதீய தம்பி. தோட்டத்துல வேற எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு முத்துராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜீஷான் அந்த நீலக் குழாயைப் பார்த்தான். காய்ந்து கிடந்த தோட்டத்தின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் குழாய். அதன் வாயில் கம்பிவலை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

"படகுப் பாய் வைக்கத்தான் கேக்குதேன்க்கா. ஞாயித்துக்கிழமை தூத்துக்குடியில பாய்மரப் படகுப் போட்டி. படகை டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போவணும். போன தடவை பாயைச் சும்மா சுருட்டிக் கட்டினேன். ரோட்டுக் காத்துல கிழிஞ்சு தொங்கிட்டு. குழாய்க்குள்ள சொருவிட்டா பத்திரமா இருக்கும்."

"பாயச் சுருட்டிப் பரண்ல போடாம, குழாய்க்குள்ளயா வைப்பாவ?"

"ஏட்டி, அது படுக்குத பாய் இல்ல. படகுல காத்துப் புடிக்குத பாய்," என்றார் அவள் புருஷன் மாடக்கண்ணு. "ஏன் தம்பி, கடையில கெடைக்கலியா?"

"காயல்பட்டினத்துல இருந்து திருநெல்வேலி வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கிட்டேன் அண்ணாச்சி. எல்லா இடத்துலயும் ஆறு இஞ்சுதான் இருக்கு. நம்ம பாய்க்கு எட்டு இஞ்சு வேணும். போர் போடுதவர் ஒருத்தர்தான் சொன்னாரு, நாங்குநேரியில உங்க தோட்டத்துல ஒண்ணு சும்மா நிக்குன்னு."

"எடுத்துட்டுப் போங்க," என்றார் மாடக்கண்ணு. "இத உருவிட்டுக் குழிய மூடினாத்தான் எங்க வீட்டுல மனுசன் தூங்க முடியும்."

"மூடிட்டா பிள்ள தாங்காது," என்றாள் முத்துராணி.

ஜீஷானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடக்கண்ணுவைப் பார்த்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம் மக இசக்கி. போன ஆடியில இதுக்குள்ள விழுந்துட்டா. அப்ப இது தரையோட தரையா வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. டிவியில எல்லாம் காட்டினாவளே, பாக்கலியா?"

"அப்ப நான் துபாயில இருந்தேன் அண்ணாச்சி."

ஜீஷானின் உதடுகள் தாமாகவே முணுமுணுத்தன: "இன்னா லில்லாஹி..."

இறந்துபோனவர்களுக்காகச் சொல்கிற வார்த்தை அது. முத்துராணிக்கு அது தெரியாது. ஏதோ நல்லதாக ஓதுகிறான் என்று நினைத்து, பாவம், கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அன்னையில இருந்து ஒருநாள் தப்பாது," மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "பொழுது சாயப் போவுதுன்னா இந்தக் குழாய்கிட்டதான் பேச்சு. சாப்டியாங்கது, குளுருதாங்கது, தூங்கிராத தூங்கிராதங்கது. மழை பெஞ்சாலும் நிக்காது. கேட்டுக்கிட்டு இருந்தா நமக்கு ஈரக்கொல நடுங்கும்."

முத்துராணியின் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்க ஜீஷானுக்கு, பாயும் போட்டியும் மறந்துபோயின. இந்த வீட்டுக்காகவாவது குழாயை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"உள்ள யாரும் இல்லக்கா. பட்ட அடி அப்படிப் பேச வைக்குது."

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு," என்றார் மாடக்கண்ணு. "குழாயக் கண்ணுல படாம எடுத்துருங்க, கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிரும்னாரு."

முத்துராணி ரோட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி, பொழுது சாயுததுக்குள்ள எடுத்துருங்க. பெறவுன்னா முடியாது," என்றாள்.

ஜீஷான் கம்பிவலையைக் கழற்றினான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, குழாயின் வாயிலிருந்து சில்லென்ற காற்று முகத்தில் பட்டது. வற்றிய கிணறு; ஆனாலும் ஈர வாடை. குனிந்து காதை வைத்தான். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போன்ற அமைதி.

வண்டியில் கொண்டுவந்திருந்த கப்பியை, குழாய்க்கு மேல் நிறுத்திய மூன்று கால் சட்டத்தில் மாட்டி, குழாயில் கயிற்றைக் கட்டி இருவரும் இழுத்தார்கள். குழாய் ஒரு சாண் மேலே ஏறியது. நின்றது. பிறகு பைய, மிகவும் பைய, உள்ளே இறங்கிப் பழைய இடத்தில் போய் நின்றது.

"மண்ணு புடிச்சிருக்கு," என்றார் மாடக்கண்ணு. குரலில் உறுதி இல்லை.

மறுபடி இழுத்தார்கள். மறுபடி ஒரு சாண். மறுபடியும் உள்ளே.

"கீழ இருந்து யாரோ..." ஜீஷான் அதை முடிக்கவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்தது.

"வந்துட்டா!" என்று பதறினாள் முத்துராணி.

இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய சிறுமி ஒருத்தி, பையை வரப்பில் எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"யாரு அண்ணாச்சி இந்தப் பிள்ள?"

"இதான் தம்பி, இசக்கி! ராத்திரி பூரா உள்ள கெடந்து, விடிய உசுரோட வந்துட்டாள்லா. சோறு திங்கா, படிக்கா, ஒரு கொறையும் இல்ல. இந்தக் குழாய்கிட்டப் பேசுததை மட்டும் நிறுத்த முடியல."

ஜீஷானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தே விட்டான். அதற்குள் சிறுமி குழாயின் வாயில் முகத்தைப் புதைத்திருந்தாள். மாடக்கண்ணு பாய்ந்து அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, சாப்டியா? குளுருதா? தூங்கிராத, என்ன?" என்று குழாய்க்குள் கேட்டாள் இசக்கி.

ஜீஷான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "யாருகிட்டம்மா பேசுத?"

"எனக்கு முன்னாடியே விழுந்த பிள்ளைகிட்ட மாமா," என்றாள் இசக்கி. "என்னைய மேல தூக்கும்போது காலப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. தெனமும் வந்து பேசுதேன்னு சொன்ன பெறவுதான் விட்டா."