வெந்நீர் ஊற்றுக்கரையில்

ஓமனில் பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டும் ஹபிபுல்லா, லப்பைக்குடிக்காட்டிலிருந்து முதன்முறையாக வந்திருந்த மனைவி ஜன்னத்தை மலையடிவார வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனார்.

“அந்தப் பாறை ஓரம் ரொம்பச் சுடும். இந்தப் பக்கம் கால வை. மொதல்ல சுருக்குன்னு இருக்கும், அப்பறம் முட்டிவலியே தெரியாது.”

அவர் சொன்னபடியே இருந்தது. ஜன்னத்துக்குக் கோபம் வந்தது.

“ஒங்கள நெனச்சு நான் அங்க கவலப்பட்டுக் கெடந்தேன். நீங்க இங்க சொகமாக் குளிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க!”

ஹபிபுல்லா கரையிலேயே நின்றார்.

“நான் வண்டியில கூட்டிட்டு வர்றவங்கதான் குளிப்பாங்க. நான் வண்டியிலயே இருப்பேன். திரும்பிப் போறப்ப அவங்க பேசிக்கிறதக் கேட்டதுதான் இதெல்லாம்.”

ஜன்னத் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

“செருப்பக் கழட்டுங்க” என்றாள்.