சுக்குத் தூசியில் வெயில்

மட்டாஞ்சேரியின் இந்தச் சுக்குக் கிடங்குக் கூரையில் ஓர் ஓடு மட்டும் கண்ணாடி. மழை விட்ட மாலை வெயில் அதன் வழியே இறங்கித் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. ஒளிக்கற்றையைப் பார்த்து எழுதிவர வேண்டும் என்பது அறிவியல் வீட்டுப்பாடம். அதற்காக நௌரினும், பாடத்தில் உதவ வந்த வகுப்புத் தோழி மாதுரியும் கிடங்கைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தரையில் வெயில் இருக்கிறது. கூரைக்கும் தரைக்கும் நடுவில் எதுவும் தெரியவில்லை. எங்கோ காயலில் ஒரு படகு ஊதிக்கொண்டு போகிறது. மாதுரி நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். “பெருக்கினதுதான் தப்பு, கேட்டியா. தூசி இருந்தாத்தானே வெளிச்சம் வர்ற வழி தெரியும்! போறது, இங்கிலீஷை எடு.” ஆங்கிலத்தில் அம்மாவின் வேலையைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். நௌரின் பேனாவைக் கடிக்கிறாள். தன் உம்மாவின் வேலை என்னவென்று வகுப்பில் மாதுரியைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை. அப்போது உம்மா லதீஃபா உள்ளே வந்து, காலிச் சாக்கு ஒன்றை ஓங்கி உதறுகிறாள். வெளிர்மஞ்சள் தூசி மெல்ல, மிக மெல்ல மேலே எழுகிறது. ஓட்டிலிருந்து தரைவரை வெயில் தூணாக எழுந்து நிற்கிறது. தூணுக்குள் உம்மா நிற்கிறாள். முக்காட்டில், புருவத்தில், இமைமுடியில் எல்லாம் மினுக்கம். மாதுரி தும்முகிறாள். “என்னடி, ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?” என்கிறாள் உம்மா. “அசையாதீங்க உம்மா. வெயில் போறவரைக்கும் அங்கேயே நில்லுங்க” என்கிறாள் நௌரின். பார்வையை எடுக்காமலே ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதுகிறாள்: என் உம்மா சுக்குக் கிடங்கில் வேலை செய்கிறாள்.