ஓர் அணு கனம்

கதவைத் தாழிட்டுவிட்டு, தம்பிக்குப் போடப்போகும் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தாள் அக்கா. இன்னொரு கையில் பிளேடு. யாராவது பார்த்திருந்தால் கொலைகாரி என்றே நினைத்திருப்பார்கள்.

தட்டில் இரண்டு குப்பிகள், இரண்டும் மையாகக் கறுத்திருந்தன. ஒன்றில், கரியை ஒரே ஓர் அணு கனத்துக்கு உரித்தெடுத்த தகடுகள். புற்றுக்கட்டிக்குள் ஏற்றி ஒளியைப் பாய்ச்சினால் அவை சூடேறிக் கட்டியைக் கருக்கிவிடும். மற்றொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறும் சாயத் தண்ணீர்.

எது யாருக்கு என்பது டாக்டருக்கே தெரியக்கூடாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் குப்பிகளை நிரப்பி, கட்டில் எண் ஒட்டியவள் இவள்தான். குலுக்கலில் எட்டாம் கட்டில் பெரியவருக்கு மருந்து, ஏழாம் கட்டில் தம்பிக்குச் சாயத் தண்ணீர். அடுத்த சோதனைச் சுற்றுவரை தம்பி தாங்கமாட்டான் என்று ஸ்கேன் சொல்லிவிட்டது.

மனசு கேட்காமல் நேற்றே தம்பி மனைவியின் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதிருந்தாள். அவள் இதே வார்டில் நர்ஸ். அவள் ஏனோ அழவில்லை.

ஸ்டிக்கர்கள் பிளேடுக்கு வேலையே வைக்கவில்லை. நகம் பட்டதும் ஓரம் தூக்கிக்கொண்டு வந்தன. பசையில்கூடவா மிச்சம் பிடிப்பார்கள் என்று மனதுக்குள் திட்டினாள்.

காலையில் அந்தப் பெரியவர், "சாப்டியாம்மா?" என்று கேட்டுச் சிரித்த முகம் கண்முன் வந்தது. அதைத் தள்ளிவிட்டு இரண்டையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டாள்.

ஊசி போட்டாயிற்று. திரைகளை இழுத்துவிட்டு, இரண்டு கட்டில்களுக்கும் ஒளியைப் பாய்ச்சினார் டாக்டர்.

"சூடு தெரிஞ்சா சொல்லுங்க."

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, உள்ள சுடுதுங்க டாக்டர்!"

குரல் எட்டாம் கட்டிலிலிருந்து வந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேக்கா," என்றான் தம்பி.

தம்பி மனைவி இவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது எப்படி அண்ணி? விடிஞ்சதுமே நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேனே!"