ஜெஞ்சாரோம் மட்டும் திறக்கல

"யூடியூப் வருது. கூகுள் வருது. அமெரிக்காக்காரன் வீட்டுப் பூனை கூட வருது. நம்ம சொந்தக் கடை ஜெஞ்சாரோம் மட்டும் வரமாட்டேங்குது! சம்பளம் வாங்கிட்டு என்னதான் லா பண்ற?"

மேனேஜர் கமலநாதன் போட்ட சத்தத்தில் பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகமே கப்சிப். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரே ஆள் ஷாமினி. தலையைக் குனிந்துகொண்டாள்.

சுவரில் பெரிய டிவி. கிள்ளான் துணிக்கடையும் பூச்சோங் துணிக்கடையும் கேமரா வழியாகப் பளிச்சென்று தெரிந்தன. புதிதாகத் திறந்த ஜெஞ்சாரோம் கடைக்கான கட்டம் மட்டும் கறுப்பு.

"கத்தாதடா. அதான் வெளியாளைக் கூப்பிட்டிருக்கேனே," என்றார் முதலாளி புஷ்பவல்லி. கமலநாதனுக்குச் சொந்த அக்கா.

வெளியாள் ரிஷி, தன் மடிக்கணினியை ரவுட்டரில் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பழுதெல்லாம் இல்ல ஆன்டி. இது யோசிக்கிற விதம்தான் சரியில்ல."

"இதெல்லாம் யோசிக்குமா?"

"வெளி இன்டர்நெட் விலாசம் எது வந்தாலும், 'எனக்குத் தெரியாது, கிள்ளான்ல பெரிய ரவுட்டர் இருக்கு, அங்க போ'ன்னு அனுப்பிடும். அதனாலதான் யூடியூப் வருது."

"சரி."

"ஆனா உங்க கடைங்களோட நெட்வொர்க் விலாசம் எல்லாமே பத்துங்கிற நம்பர்ல ஆரம்பிக்குது. கிள்ளானும் பூச்சோங்கும் இதுக்குத் தெரியும். ஜெஞ்சாரோமும் பத்துதான். ஆனா யாரும் இதுக்குச் சொல்லிவைக்கல. உடனே இது, 'பத்துன்னா நம்ம குடும்பம். நம்ம குடும்பத்துல எனக்குத் தெரியாம ஒருத்தனா? அப்படி யாருமே கிடையாது'ன்னு தூக்கிப் போட்டுடுது. கிள்ளானைக் கேட்டுப் பார்க்குறது கூட இல்ல. இதுக்குப் பேரு கிளாஸ்ஃபுல்."

"அடக் கொடுமையே! ஊரான் வந்தா வழி சொல்லி அனுப்புது, சொந்தக்காரன் வந்தா குப்பையில போடுதா?"

"அதேதான். கிளாஸ்லெஸ்னு மாத்திட்டா குடும்பம் கிடும்பம் எல்லாம் பார்க்காது. தெரியாத விலாசம் எதுவா இருந்தாலும் கிள்ளானுக்கு அனுப்பிடும். ஒரே ஒரு வரி டைப் பண்ணா போதும்."

சொல்லிக்கொண்டே திரையை உற்றுப் பார்த்தவனின் புருவம் சுருங்கியது.

"ஆனா ஒண்ணு ஆன்டி. இந்தக் காலத்து ரவுட்டர் கிளாஸ்லெஸ்ஸாத்தான் வரும். இதுல யாரோ..."

"கதை சொல்லவா உன்னைக் கூப்பிட்டோம்? சரி பண்ற வழியைப் பாரு!" கமலநாதன் பாய்ந்தார்.

அதற்குள் கீழே கடையில் கல்யாணப் பட்டு எடுக்க ஒரு கூட்டமே வந்திருப்பதாகத் தகவல் வந்தது. தம்பியையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார் புஷ்பவல்லி.

ரிஷி நாற்காலியைத் திருப்பினான்.

"ஷாமினி, இது தானா மாறாது. யாரோ மாத்தியிருக்காங்க. பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்." உதட்டைக் கடித்தாள். "நான்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"ஜெஞ்சாரோம் கடையில சல்மா அக்கான்னு ஒருத்தவங்க. மாசமா இருக்காங்க. காலெல்லாம் வீக்கம். கஸ்டமர் இல்லாத நேரத்துல கொஞ்சம் உட்கார்ந்துக்கிறாங்க. மேடம் கடையில யாரும் உட்காரக் கூடாது. பூச்சோங்ல தாமரைன்னு ஒரு பொண்ணு காய்ச்சலோட உட்கார்ந்ததை இந்த டிவியிலதான் பார்த்தாங்க. அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"மாசமா இருக்காங்கன்னு சொல்லிப் பார்க்குறதுதானே?"

"சொல்லிப் பார்த்தாச்சு. 'நான் நின்னு வியாபாரம் பார்த்துக்கிட்டேதான் ரெண்டு புள்ள பெத்தேன்'னுட்டாங்க. சல்மா அக்கா வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல."

"மேனேஜர்?"

ஷாமினி படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான். அவரு கத்துற கத்துக்கு, தெரிஞ்சா முதல்ல உங்க வேலைதான் போகும்."

ரிஷியின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன. ஒரு வரி. தட்டினால் நல்ல பெயர், அடுத்த கடைக்கும் இவனையே கூப்பிடுவார்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மடிக்கணினியைப் பட்டென்று மூடினான்.

"ஆச்சா தம்பி?" என்றபடி வந்தார் புஷ்பவல்லி. பின்னாலேயே கமலநாதன்.

"இல்ல ஆன்டி. பழுது இல்லன்னு நான் சொன்னது தப்பு. ரவுட்டருக்குள்ள ஒரு கார்டு கெட்டுப்போயிருக்கு. ஆர்டர் பண்ணி, வந்து சேர மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா!" கமலநாதன் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "ஒரே வரின்னு வாய் கிழியப் பேசின? இவளும் வேஸ்ட், நீயும் வேஸ்ட்!"

"விடுடா, உனக்குப் பிரஷர் ஏறிடப் போகுது. சாமான் வந்ததும் மாட்டட்டும்," என்று தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தார் அக்கா.

"நடய்யா! உன்னைக் கீழ கொண்டுபோய் விட்டுட்டு வந்தாதான் எனக்கு நிம்மதி!"

லிஃப்ட் வரும்வரை ரிஷியைத் திட்டினார் கமலநாதன். லிஃப்டுக்குள் ஏறியும் திட்டினார்.

கதவு மூடியது.

கமலநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரிஷியின் தோளில் கைபோட்டுக் குசுகுசுத்தார்.

"ஏன் தம்பி, பொய் சொல்றதுதான் சொன்னீங்க, ரெண்டு மாசம்னு சொல்லக் கூடாதா? சல்மாவுக்குப் பிரசவ லீவு ஆரம்பிக்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு லா!"