மூச்சு விடாத ஃபேன்

"ஃபேன் மூச்சு விடக் கூடாதுண்ணே! போன ஃபைனல்ல அதோட இரைச்சலாலதான் தோத்தேன்" என்று போனில் கேமிங் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்தான் வாடிக்கையாளன்.

"கிராஃபிக்ஸ் கார்டு?" என்றார் கடைக்காரர்.

"போர்டோட ஒத்துப்போற ஏதாச்சும் போதும். சவுண்ட் கார்டுதான் உசத்தியா வேணும்."

"மானிட்டர்?"

"நீங்க பாக்கணும்னா எடுத்துட்டு வாங்க."

'கொழுப்பைப் பாரேன்' என்று முனகியபடி, அடுத்த ஃபைனலன்று கடைக்காரரே எல்லாவற்றையும் கொண்டுபோனார்.

கதவைத் திறந்தவன், வெள்ளைக் கோலால் தரையைத் தட்டித் தட்டி அவரை அறைக்கு அழைத்துப் போனான்.

கடைக்காரர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது. சுவருக்குப் பின்னால் பதுங்கி வந்த மூன்று பேரைக் காலடி ஓசையை வைத்தே வரிசையாகச் சாய்த்தான். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் இன்னும் கிட்டே குனிந்தார்.

இன்னும் ஒரே ஓர் எதிரி பாக்கி.

ஃபேன் சத்தமே போடவில்லை. கடைக்காரர் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டார்.