ஒரு செடி, இரண்டு பெயர்

"சார், உங்க சம்சாரத்தை எடுத்துட வேண்டியதுதான்" என்றாள் ஆய்வகப் பெண்.

தாவரவியல் பேராசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "வேற வழியே இல்லையாம்மா?"

அவள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். கடைச் சாமான்களில் கோடு போட்டிருக்குமே, அதுபோல ஒவ்வொரு செடிக்கும் அதன் டி.என்.ஏ.வில் ஓர் அடையாளம். மேல் மலைச் செடிக்கும் கீழ் மலைச் செடிக்கும் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"ரெண்டும் ஒரே இனம் சார். பூவையும் பார்த்துட்டேன். மேல இருக்கறது பெண், கீழ இருக்கறது ஆண். பிரிஞ்சு கிடக்கறதாலதான் காய்க்காம அழியுது. பக்கத்துல பக்கத்துல நட்டா பிழைச்சுக்கும்."

இரண்டும் வெவ்வேறு இனம் என்று எழுதிப் பட்டம் பதவியெல்லாம் வாங்கிய மேதை சாட்சாத் இவரேதான். கீழ் மலைப் பூவில் சூலகமே இல்லாததை 'அபூர்வ லட்சணம்' என்று வியந்து ஒரு முழுப் பக்கம் வேறு எழுதியிருந்தார்.

"முதல்ல வச்ச பேருதான் சார் நிக்கும். அது விதி."

முதல் பெயர், பிரம்மச்சாரியாக இருந்தபோது மேல் மலைச் செடிக்கு வைத்தது. மனைவியின் பெயரைக் கீழ் மலைச் செடிக்கு வைத்ததோ, கல்யாண நாளுக்குப் பரிசு வாங்க மறந்துபோன ஒரு வருஷம்.

"அந்த முதல் பேரு யாரோடது சார்?"

"அது... சும்மா லத்தீன்மா" என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

முடிவை அமுக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேலே பதினொன்று, கீழே ஒன்பது. உலகத்திலேயே மிச்சம் அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "உன் பேரை எடுத்துட்டாங்க. பழைய பேருதான் இனிமே."

"செடி பிழைச்சுக்குமா?"

"பிழைச்சுக்கும்."

"அப்ப சரி, விடுங்க. என் பேரு போனா என்ன?"

இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம் தப்பித்தது என்று பேராசிரியர் சோபாவில் சாய்ந்தார். அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. அவ பேரு ஜெயிச்சுடுச்சுன்னு நான்தானே சொல்லணும்?"