எதிர் வீட்டுப் பூச்சாண்டி

சுருளிவேல் தன் வீட்டு வாசல் கேட்டின் தூணுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். கறுப்புக் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்தியபடி, எதிர் வீட்டுக் குழந்தை வெளியே வருகிறதா என்று பார்த்தார்.

பேகம்பூர்ப் பள்ளிவாசலில் மாலைப் பாங்கு முடிந்தது. குழந்தை வந்துவிட்டது. மூன்று வயதுப் பரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு நேராக இவர் கேட்டுக்கே வந்தாள் அவள் அம்மா சுகன்யா.

"வாயத் தொறக்கலேன்னா புடிச்சுக் குடுத்துருவேன். அந்தா பாரு, பூச்சாண்டி!"

"ஹ்ர்ர்ர்..." என்று உறுமினார் சுருளிவேல்.

ஒன்பது மாதமாக நடக்கிற ஏற்பாடு இது. இவர் உறுமினால் பரணி பயந்து வாயைப் பிளப்பாள். அதற்குள் சுகன்யா ஒரு வாய் ஊட்டிவிடுவாள்.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் திருப்பூரோடு தங்கிவிட்டான். டீக்கடையில்கூடக் காசை நீட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க அவர் தொண்டையிலிருந்து வரும் சத்தம் இந்த உறுமல் ஒன்றுதான். அதற்காக நாலு மணிக்கே கம்பளியை எடுத்து வைத்துவிடுவார். பூச்சாண்டியாகவாவது ஒரு வீட்டுக்குத் தேவைப்படுகிறோமே என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்று பரணி பயப்படவில்லை. அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அங்கன்வாடியில புதுசா ஒரு கதைப் புத்தகம் படிச்சுக் காமிச்சிருக்காக மாமா" என்று அலுத்துக்கொண்டாள் சுகன்யா. "நம்ம காலத்துல பூச்சாண்டின்னா புள்ளய சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போகும். இதுல அது ரொம்ப நல்லதாம். பசி பொறுக்காமத்தான் கத்துதாம். என்னத்தக் கதை எழுதுறாகளோ!"

"நம்ம பொழப்புல மண்ணப் போட்டுட்டாகளே! செத்த இரு தாயி, நல்லா மெரட்டிப் பாக்குறேன்."

இரண்டு கையையும் தூக்கி, படுத்திருந்த தெருநாய் எழுந்து ஓடும்படி உறுமினார். தொண்டை கமறியது. பரணி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஊட்ட வந்த கையையும் தள்ளிவிட்டாள்.

"இனிமே சரிப்படாது மாமா. நாளையிலருந்து வீட்டுலயே போனக் காட்டி ஊட்டிக்கிறேன். ஒங்களுக்கும் எதுக்குச் செரமம்?"

"செரமமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி..."

நாளைக்கு யாரைப் பார்த்து உறுமுவது? கலங்கிய கண்ணை அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கம்பளிக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பரணி இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். அம்மா கையிலிருந்த கிண்ணத்தை இழுத்து, ஒரு பிடி சோற்றை அள்ளி, கேட்டுக் கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டினாள்.

"பூச்சாண்டி, ஆ காட்டு."